விண்வெளியில் ஒன்றுக்குப் போவது எப்படி?

(ஒஸ்லோ, குறொன்லாண்டில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மனிதரின் விண்வெளிப் பயணத்தைப் பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்துவது எப்படி என்று பேசச் சொல்லியிருக்கிறீர்கள். வார இறுதித் தமிழ் வகுப்பில் விஞ்ஞானம் கதைக்கிறவன் என்பதைத் தவிர எனக்கு இதில் வேறு தகுதி கிடையாது. ஆனால் அந்த வகுப்பு எனக்கு ஒன்றைக் காட்டித் தந்திருக்கிறது. விண்வெளி என்றதும் பெரியவர்கள் நாங்கள் ரொக்கட்டில் தொடங்குகிறோம். எத்தனை அடுக்கு, எத்தனை தொன், எந்த நாடு முதலில் போனது என்று போகும் எங்கள் பேச்சு. பிள்ளை உடம்பில் தொடங்குகிறது. அங்கே எப்படி நித்திரை கொள்வது? அழுதால் கண்ணீர் கீழே விழுமா? தலைமயிர் வெட்டினால் துண்டுகள் எங்கே போகும்? இவை எல்லாவற்றுக்கும் முன்னால், ஒருவரையொருவர் முழங்கையால் இடித்துச் சிரித்தபடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: அங்கே ஒன்றுக்குப் போவது எப்படி?

இந்தக் கேள்வியைச் சிரித்துத் தள்ளிவிட்டு ரொக்கட்டுக்குத் திரும்பும் ஆசிரியர் நல்ல கதவு ஒன்றைச் சாத்திவிடுகிறார். ரொக்கட்டுக்கு மனிதர் தேவையில்லை. மனிதரை ஏற்றியதும் வரும் சிக்கல்கள் முழுக்க உடம்பின் சிக்கல்கள். மூச்சு, தண்ணீர், சூடு, கழிவு, பயம். பிள்ளை நேரே விஷயத்தின் நடுவுக்கு வந்து நிற்கிறது. நாங்கள்தான் சுற்றிவளைக்கிறோம்.

அலன் ஷெப்பர்ட் என்ற அமெரிக்கரின் கதையைச் சொல்லிப் பாருங்கள். 1961 மே 5ஆம் திகதி அவர் போன பயணம் வெறும் 15 நிமிடம். அவ்வளவு சின்னப் பயணத்துக்கு இந்தக் காரியத்தையெல்லாம் யார் யோசிப்பார்கள் என்று ஒரு ஏற்பாடும் செய்யாமல் விட்டுவிட்டார்கள். புறப்பாடு தள்ளிக்கொண்டே போனது. மனிதர் கூண்டுக்குள் மல்லாந்து படுத்தபடி நாலு மணித்தியாலத்துக்கு மேல் கிடந்தார். அடக்க முடியாமல் போய்க் கேட்டார். கடைசியில், உடம்பில் ஒட்டியிருந்த உணரிகளின் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, உடுப்போடேயே போகச் சொன்னார்கள். நாட்டின் மூளைகள் எல்லாம் கூடி ரொக்கட் செய்தார்கள். ஒரு வாளி வைக்க மறந்துவிட்டார்கள். இதைக் கேட்ட பிள்ளை பொறியியல் என்றால் என்ன என்பதில் பாதியை அன்றைக்கே விளங்கிக்கொள்கிறது.

மற்றப் பாதி இன்றைய சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருக்கிறது. அங்கே மலசலகூடம் காற்றால் இழுக்கிறது. விசிறி ஒன்று ஓடிக்கொண்டிருக்கும், ஏனென்றால் எதுவும் தானாகக் கீழே போகாது. ஒரு ஆளுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 லீற்றர் தண்ணீர் வேண்டும். அவ்வளவையும் பூமியிலிருந்து ஏற்றிக் கட்டுப்படியாகாது. ஆகையால் சிறுநீர், வியர்வை, விடுகிற மூச்சின் ஈரம் எல்லாவற்றையும் பிடித்து வடிகட்டித் திரும்பக் குடிக்கிறார்கள். 2023இல் இந்த மீட்பு 98 வீதத்தை எட்டியது. "சீ" என்று பிள்ளைகள் முகத்தைச் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். செவ்வாய்க்குப் போக முடியுமா என்ற கேள்வி இந்த 98 என்ற எண்ணிலும் தொங்கிக்கொண்டிருக்கிறது என்று அப்போது சொல்லுங்கள். இரண்டுக்குப் போனது என்ன ஆகும் என்று அடுத்த கை உயரும். அதைக் கட்டி, குப்பையோடு சேர்த்து, திரும்பி வராத சரக்குக் கலத்தில் ஏற்றிவிடுவார்கள். அது வளிமண்டலத்தில் எரிந்துபோகும். எரிநட்சத்திரம் பார்த்து வேண்டுதல் வைப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளலாம்.

இனிப் பெரிய பொய்க்கு வருகிறேன். "மேலே ஈர்ப்பு இல்லை, அதனால் மிதக்கிறார்கள்." இதைச் சொல்லாத பெற்றோர் இந்த மண்டபத்தில் இருந்தால் அவருக்கு என் வணக்கம். விண்வெளி நிலையம் நிலத்திலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீற்றர் உயரத்தில் ஓடுகிறது. ஒஸ்லோவிலிருந்து துறொண்ட்ஹைமுக்கு நேர்கோட்டுத் தூரம் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஊர்க் கணக்கில் சொன்னால் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு யாழ்தேவி ஓடும் தூரம். அதைச் செங்குத்தாக நிமிர்த்தி வைத்தால் நிலையம் வந்துவிடும். இவ்வளவு கிட்டத்தில் பூமி தன் பிடியை விட்டுவிடுமா? அந்த உயரத்திலும் ஈர்ப்பு இங்கே இருப்பதில் 90 வீதம் அளவுக்கு இருக்கிறது. சந்திரனையே பிடித்து வைத்திருக்கிற பூமி, துறொண்ட்ஹைம் தூரத்தில் கை தளர்ந்துவிடாது.

அப்படியானால் ஏன் மிதக்கிறார்கள்? விழுந்துகொண்டிருக்கிறார்கள், அதனால். நிலையமும் அதற்குள் இருக்கும் ஆட்களும் ஒன்றாக விழுகிறார்கள். இதை வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாது. ஒரு பிளாஸ்ரிக் போத்தலின் அடியில் இரண்டு துளை போட்டுத் தண்ணீர் நிரப்புங்கள். பிடித்துக்கொண்டு நின்றால் துளைகளால் தண்ணீர் பீய்ச்சும். இப்போது மாடியிலிருந்து போத்தலைக் கையை விட்டு விடுங்கள். விழுகிற அந்தக் கொஞ்ச நேரத்துக்குத் தண்ணீர் பாய்வது நின்றுவிடும். போத்தலும் தண்ணீரும் ஒரே வேகத்தில் விழுவதால் ஒன்றை ஒன்று தள்ள ஆளில்லை. பூமி எங்கேயும் போய்விடவில்லை, ஈர்ப்பும் போகவில்லை. இதைப் பார்த்தபின் "மிதத்தல்" என்ற சொல்லைப் பிள்ளைகள் சந்தேகத்தோடுதான் பாவிப்பார்கள். நடைபாதையில் ஆள் இல்லாத நேரம் பார்த்துச் செய்யுங்கள். குறொன்லாண்டில் அப்படி ஒரு நேரம் கிடைப்பது கஷ்டம்.

பத்துப் பன்னிரண்டு வயதான பிள்ளை இத்தோடு விடாது. விழுந்தால் நிலத்தில் மோத வேண்டுமே என்று கேட்கும். கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள். இதற்குப் பதில் ஒரு கணக்கு, பெருக்கல் தெரிந்தால் போதும். கையை விட்ட கல் முதல் செக்கனில் ஏறத்தாழ 5 மீற்றர் விழுகிறது. பூமி உருண்டை, 8 கிலோமீற்றர் நேரே போனால் அதன் மேற்பரப்பு ஏறத்தாழ 5 மீற்றர் கீழே வளைந்துவிடுகிறது. அப்படியென்றால் ஒரு செக்கனில் 8 கிலோமீற்றர் பக்கவாட்டில் ஓடும் பொருள் 5 மீற்றர் விழும்போது நிலமும் 5 மீற்றர் விலகியிருக்கும். அடுத்த செக்கனும் அப்படியே. விழுந்துகொண்டே இருக்கலாம், நிலம் கிட்ட வராது. நியூற்றன் 300 ஆண்டுகளுக்கு முன்னரே இதைக் கண்டுவிட்டார். கீழே காற்று தடுக்கும் என்பதால் மேலே தூக்கவேண்டியிருந்தது, அவ்வளவுதான். மேலே போவது இந்தக் கதையில் சுலபமான பகுதி. பக்கவாட்டு வேகம்தான் எரிபொருளைக் குடிக்கிறது. ஏவிய ரொக்கட் சிறிது நேரத்தில் ஏன் சரிந்து போகிறது, பிழைத்துவிட்டதா என்று காணொளி பார்த்துப் பதறும் பிள்ளைக்கு இதுவே பதில். ஷெப்பர்ட் 187 கிலோமீற்றர் ஏறியும் 15 நிமிடத்தில் கடலில் விழுந்தார். அவருக்கு மூன்று கிழமை முன்னர், ஏப்ரல் 12இல், யூரி ககாரின் 108 நிமிடத்தில் பூமியைச் சுற்றி வந்தார். இருவருக்கும் இடையிலான பெரிய வித்தியாசம் பக்கவாட்டு வேகம்.

நிலையத்தைக் கண்ணால் காட்டலாம். ஆனால் ஒஸ்லோவில் அண்ணாந்து பார்த்துப் பயனில்லை. அதன் பாதை வடக்கே 51.6 பாகைக்கு மேல் வருவதில்லை, நாங்கள் ஏறத்தாழ 60இல் இருக்கிறோம். வானம் தெளிந்த மாலையில் தெற்குப் பக்கம், தாழ, மினுங்காமல் ஓடும் வெளிச்சம் அது. யாழ்ப்பாணத்தில் தலைக்கு மேலாகவே கடக்கும். அப்பம்மாவோடு தொலைபேசியில் கதைக்கும்போது இதைக் கேட்டுப் பார்க்கலாம். ஒரே பொருள் அங்கே ஏன் உச்சியில், இங்கே ஏன் கூரைக்குக் கிட்ட என்று பிள்ளை தானாகவே யோசிக்கத் தொடங்கும். இன்னொன்று: 2000 நவம்பர் 2ஆம் திகதியிலிருந்து அந்த நிலையத்தில் ஆள் இல்லாத நாள் இருந்ததில்லை. இங்கே இருக்கும் பிள்ளைகள் எவரும், மனிதர் எல்லோரும் பூமியிலேயே இருந்த ஒரு நாளில் வாழ்ந்ததில்லை.

நோர்வேக்கு வருவோம். இந்த நாட்டவரில் விண்வெளிக்குப் போன முதல் ஆள் யான்னிக்கே மிக்கெல்சன். ஒஸ்லோ நேரப்படி 2025 ஏப்ரல் 1 அதிகாலை புளோரிடாவிலிருந்து புறப்பட்ட பயணத்தில் அவர் கலத்தின் கட்டளைப் பொறுப்பை வகித்தார். மற்ற மூவர் சுன் வாங், ராபேயா ரொக்கே, எரிக் பிலிப்ஸ். வட துருவத்துக்கும் தென் துருவத்துக்கும் மேலாகச் சுற்றிய முதல் மனிதர்கள் அந்த நால்வரும். அதற்கு முன்னர் சந்திரன் வரை போனவர்கள் இருந்தார்கள், துருவங்களின் மேலால் சுற்றியவர் இல்லை. மனித உடம்பின் முதலாவது எக்ஸ்ரே படத்தை விண்வெளியில் எடுத்தது அந்தப் பயணம்தான். முதல் மணித்தியாலங்களில் நால்வருக்கும் குமட்டல் பிடித்ததைச் சுன் வாங்கே எழுதினார். ஏப்ரல் 4இல் கலிபோர்னியாவுக்கு அருகே கடலில் இறங்கினார்கள். பெற்றோர்கள் கவனிக்க வேண்டிய ஒரு சங்கதி: மிக்கெல்சன் விமானியும் அல்ல, பௌதிகவியலாளரும் அல்ல. படம் எடுப்பவர். பாடசாலையில் எல்லாவற்றுக்கும் உச்சப் புள்ளியான 6 எடுத்தால்தான் விண்வெளி என்று வீட்டில் மிரட்டுவதை இனிக் குறைத்துக்கொள்ளலாம்.

அந்தப் பயணத்துக்கு வைத்த பெயர் பிறாம் 2. முதல் பிறாம் ஒரு கப்பல், இங்கேதான், பிக்டோயில் அருங்காட்சியகமாக நிற்கிறது. பிள்ளைகளை முதலில் அங்கே கூட்டிக்கொண்டு போங்கள் என்பது என் யோசனை. ரொக்கட் படப் புத்தகம் பிறகு வாங்கலாம். 1893இல் துருவப் பயணி பிரிட்யோவ் நான்சன் 12 பேரோடு அதில் ஏறினார். கப்பலை வேண்டுமென்றே வடதுருவக் கடலின் பனிக்குள் உறையவிட்டு, பனி நகரும் வழியே துருவத்தை நோக்கி மிதந்து போவது திட்டம். மற்றக் கப்பல்களைப் பனி நெருக்கி நொறுக்கியது. பிறாமின் அடிப்பக்கத்தை உருண்டையாகக் கட்டியதால் பனி நெருக்கும்போது கப்பல் வழுக்கி மேலே எழும்பியது. உள்ளே போய்ப் பார்த்தால் பிள்ளைக்கு எல்லாம் விளங்கும்: படுக்கை இவ்வளவு, சமையலறை இவ்வளவு, வெளியே மாதக்கணக்கில் இருட்டு, 13 பேர் மூன்று வருடம். மின்விளக்குக்குக் காற்றாலை வைத்திருந்தார்கள். ஆட்கள் ஒருவரோடு ஒருவர் சண்டைபிடிக்காமல் இருப்பது எப்படி என்பது அன்றைக்கும் பிரச்சினை, இன்றைக்கும் பிரச்சினை. 1895இல் நான்சன் அந்த 12 பேரில் ஒருவரான யோகான்சனோடு கப்பலை விட்டு இறங்கி 86 பாகை 14 கலை வரை போனார். திரும்பும் வழியில் ஒரு குளிர்காலம் முழுவதும் கல்லாலும் தோலாலும் கட்டிய குடிலில் கரடி இறைச்சியும் வால்ரஸ் என்ற கடல் விலங்கின் இறைச்சியும் தின்று கிடந்தார்கள். மீண்டு வந்தபோது நான்சனின் எடை கூடியிருந்தது. சாப்பாட்டு விஷயத்தில் அவர் கெட்டிக்காரர்.

இதே நான்சன் பின்னாளில் அகதிகளுக்கான ஆணையாளராக இருந்து, நாடிழந்தவர்களுக்கு ஒரு பயணப் பத்திரம் வாங்கிக்கொடுத்தார். நான்சன் கடவுச்சீட்டு என்று உலகம் அதைச் சொன்னது. 1922இல் சமாதானத்துக்கான நோபல் பரிசும் அவருக்குக் கிடைத்தது. இந்த மண்டபத்தில் உள்ள எத்தனை பேர் எந்தப் பத்திரத்தோடு போர்னபூ விமான நிலையத்தில் வந்திறங்கினோம் என்பது எங்களுக்குத் தெரியும். பிள்ளைகளுக்கும் ஒருநாள் சொல்லலாம். தலைப்பை விட்டு விலகிவிட்டேன், மன்னிக்க வேண்டும்.

அந்தோயாவைப் பற்றி ஒரு சொல். வடக்கே அந்தத் தீவிலிருந்து 1962 ஆகஸ்ட் 18இல் நோர்வே தன் முதல் ரொக்கட்டை ஏவியது. அடுத்த வருடம் நவம்பர் 21இல் இந்தியா கேரளத்தின் தும்பாவிலிருந்து ஏவியது. இரண்டும் மீன்பிடிக் கரைகள். இடத் தேர்வுக்குக் காரணம் இரண்டிலும் பூமியின் காந்தம்: அந்தோயா வடதுருவ ஒளி வளையத்தின் கீழே, தும்பா காந்த நடுக்கோட்டின் மேலே. வடக்கில் மீன் தொழிற்சாலைகளில் வேலை செய்த எங்கள் ஆட்கள் பச்சை வெளிச்சம் ஆடுவதை வேலை முடிந்து வரும் வழியில் பார்த்திருக்கிறார்கள். ரொக்கட் விட்டு ஆராய்ந்தது அதைத்தான்.

இப்போது யாரும் விரும்பாத கேள்வி. "செத்தவர்களும் இருக்கிறார்களா?"

இருக்கிறார்கள் என்று சொல்லுங்கள். சின்னப் பிள்ளைகளிடமிருந்து இது பெரும்பாலும் லைக்கா வழியாக வரும். 1957 நவம்பர் 3ஆம் திகதி சோவியத் ஒன்றியம் மேலே அனுப்பிய நாய். திரும்பக் கொண்டுவர அந்தக் கலத்தில் வழியே வைக்கவில்லை. பல நாள் உயிரோடு இருந்தது, வலியில்லாமல் இறந்தது என்று அப்போது சொன்னார்கள். சூடு தாங்காமல் சில மணித்தியாலங்களுக்குள்ளேயே இறந்துவிட்டது என்பது 2002இல் வெளியே வந்தது. 45 வருடம் ஒரு நாயின் சாவைப் பற்றி உலகத்துப் பிள்ளைகளுக்குப் பொய் சொல்லப்பட்டிருக்கிறது. லைக்காவைப் பழக்கியவர்களில் ஒருவரான ஒலெக் கசென்கோ முதுமையில், அதைச் சாகவிடும் அளவுக்கு அந்தப் பயணத்தில் நாங்கள் எதையும் கற்றுக்கொள்ளவில்லை என்ற கருத்தில் வருந்திப் பேசினார். ஏழு வயதுப் பிள்ளைக்கு இவ்வளவும் சொல்லலாம். அழும். அழுதபின் அடுத்த கேள்வி கேட்கும்.

பெரிய பிள்ளைகளுக்குச் சலஞ்சர் விண்ணோடம். 1986 ஜனவரி 28, புறப்பட்ட 73ஆவது செக்கனில் கலம் சிதறியது, ஏழு பேரும் போனார்கள். கிறிஸ்ரா மெக்கோலிஃப் என்ற ஆசிரியை அதில் இருந்ததால் அமெரிக்கப் பாடசாலைகளில் பிள்ளைகள் நேரலையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குளிரில் ஒரு இறப்பர் வளையம் தன் நெகிழ்ச்சியை இழந்ததால் சூடான வாயு கசிந்தது. விசாரணையில் பௌதிகவியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன் அந்த இறப்பர்த் துண்டை ஐஸ் தண்ணீர்க் கோப்பையில் போட்டுக் காட்டினார். சமையலறையில் செய்யக்கூடிய பரிசோதனை. அதைவிட முக்கியமானது முதல் நாள் இரவு நடந்தது. அந்த வளையம் இருந்த உந்துரொக்கட்டைச் செய்த ஒப்பந்த நிறுவனத்தின் பொறியியலாளர்கள் இந்தக் குளிரில் ஏவக்கூடாது என்றார்கள். மேலிடம் கேட்கவில்லை. 2003 பெப்ரவரி 1இல் கல்பனா சாவ்லாவோடு கொலம்பியா விண்ணோடம் சிதறியதிலும் இதே மாதிரி ஒரு செவிடு இருந்தது: இடது இறக்கையில் நுரைத்துண்டு மோதியது தெரிந்து, படம் எடுத்துப் பார்க்கவேண்டும் என்று கேட்டவர்களின் சொல் எடுபடவில்லை. கல்பனாவின் படத்தைச் சுவரில் மாட்டி, கனவு காணுங்கள் என்று எழுதி வைக்கிறோம். "வேண்டாம்" என்று சொன்ன பொறியியலாளரைப் பற்றி எந்தச் சுவரிலும் எதுவும் இல்லை. என் வகுப்பில் பதின்வயதினருக்கு அவரே கதாநாயகர். வீரம் என்றால் கூண்டுக்குள் ஏறுவது மட்டும்தான் என்று அவர்கள் நினைத்து வளர்வதில் எனக்கு விருப்பமில்லை.

பிள்ளைகள் பயந்துவிடுவார்கள் என்று சிலர் சொல்வார்கள். எங்கள் வீடுகளில் பல சுவர்களில் மாலை போட்ட படங்கள் இருக்கின்றன. அவற்றுக்குக் கீழே இருந்து வீட்டுப்பாடம் செய்கிற பிள்ளைகள் அவர்கள். சாவைப் பற்றித் தெரியாத பிள்ளைகள் என்று நாங்கள் பாவனை செய்வது எங்கள் வசதிக்காகத்தான்.

கடைசியாகக் காசு. "இவ்வளவு காசை ஏழைகளுக்குக் கொடுக்கலாமே?" நியாயமான கேள்வி, பழைய கேள்வியும்கூட. சந்திரனுக்கு ஆளை அனுப்பிய அப்பலோ திட்டத்துக்கு அந்தக்காலக் காசில் ஏறத்தாழ 2500 கோடி டொலர் போனது. அப்பலோ 11 புறப்படுவதற்கு முதல் நாள், 1969 ஜூலை 15இல், மாட்டின் லூதர் கிங்கின் தோழர் ரால்ஃப் அபர்னதி ஏழைக் குடும்பங்களையும் கோவேறு கழுதை வண்டிகளையும் கூட்டிக்கொண்டு ஏவுதள வாசலுக்கே வந்துவிட்டார். நாசாவின் தலைவர் தோமஸ் பெயின் வெளியே வந்து அவர்களைச் சந்தித்தார். பொத்தானை அழுத்தாமல் விட்டால் வறுமை தீரும் என்றால் அழுத்தமாட்டோம் என்ற பொருளில் பேசினார். அபர்னதி வானோடிகளுக்காகப் பிரார்த்திப்பதாகச் சொன்னார். அந்தக் குடும்பங்களில் சிலருக்கு ஏவுதலைப் பார்க்க இடம் கொடுத்தார்கள். இருவருமே மரியாதையாக நடந்துகொண்டார்கள், இருவருமே தங்கள் வாதத்தை விட்டுக்கொடுக்கவில்லை. பிள்ளைகளை இரண்டு பக்கமாகப் பிரித்து இதை நடித்துக் காட்டச் சொல்லிப் பாருங்கள்.

அந்த விவாதத்தில் பெரியவர் ஒளிக்கக்கூடாத விவரம் ஒன்று இருக்கிறது. ஆராய்ச்சிக்கு மட்டும் என்றால் இயந்திரம் மலிவு. 2023 ஆகஸ்ட் 23இல் சந்திரனின் தென்துருவப் பகுதிக்கு அருகே இறங்கிய சந்திரயான் 3க்கு ஏறத்தாழ 615 கோடி இந்திய ரூபாய்தான் போனது. அதன் திட்ட இயக்குநர் விழுப்புரத்து வீரமுத்துவேல். அதில் ஆள் இல்லை, அதனால் மலசலகூடமும் இல்லை. ஆளை அனுப்பினால் செலவு பல மடங்கு ஏறும். பிறாம் 2இன் செலவை அதில் போன ஒரு பணக்காரரே ஏற்றார். இந்தியா இப்போது ஆட்களை அனுப்ப ஆயத்தமாகிறது. திருநெல்வேலி மகேந்திரகிரியில் அதற்கான இயந்திரங்களைச் சோதித்தார்கள், தெரிவான நால்வரில் சென்னையில் பிறந்த அஜித் கிருஷ்ணனும் ஒருவர், அவர்களில் சுபான்சு சுக்லா 2025இல் விண்வெளி நிலையத்துக்கே போய் வந்துவிட்டார். ஏன் இந்தச் செலவு என்று கேட்டால், செய்மதி, வானிலை, கைத்தொலைபேசி என்று பெரியவர்கள் பட்டியல் படிப்பார்கள். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஆள் மேலே போகத் தேவையில்லை என்பதைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை கண்டுபிடித்துவிடும், பிறகு நீங்கள் சொன்ன மற்றதையும் நம்பாது.

நேர்மையான பதில் சின்னது. மனிதர் போகிறார்கள், ஏனென்றால் போய்ப் பார்க்க ஆசைப்படுகிறார்கள். நாடுகள் அனுப்புகின்றன, ஏனென்றால் மற்ற நாடு பார்க்கட்டும் என்று நினைக்கின்றன. இந்த இரண்டு காரணங்களும் அவ்வளவு காசுக்குப் போதுமா என்பதைப் பிள்ளை தன் பாட்டில் முடிவெடுக்கட்டும். எனக்கு முதலாவது காரணம் போதும். என் வகுப்பில் இருக்கும் கெட்டிக்காரப் பெண்பிள்ளை ஒருத்திக்குப் போதாது. அடுத்த சனிக்கிழமையும் அதைப் பற்றித்தான் சண்டை.